கல்லூரி கிரெடிட் தரும் ஹெல்த் சயின்ஸ் வகுப்புகள்: அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக்கு எந்த வழி பொருந்தும்?

ஒரு பள்ளி மாவட்டம் ஹெல்த் சயின்ஸ் பிரிவு தொடங்குவது என்று முடிவெடுத்ததும், 'இதற்குக் கல்லூரி கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்காகும் பாட அலகு) கிடைக்குமா?' என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே எழும். கிடைக்கும். அமெரிக்காவில் அதற்கு நான்கைந்து வழிகள் உண்டு. ஆனால் எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து, அதே 3 கிரெடிட் ஒரு மாணவிக்கு ஒரு பாடத்தின் கட்டணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். இன்னொரு மாணவிக்கு ட்ரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) பயனில்லாத ஒரு வரியாகக் கிடக்கும். மூன்றாவது மாணவிக்கு நர்சிங் சேர்க்கையையே சிக்கலாக்கும். அதனால்தான் வழிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த முடிவில் தமிழ்ப் பெற்றோருக்கும் மருத்துவமனைகளில் வேலை செய்யும் தமிழ் நர்ஸ்களுக்கும் பங்கு உண்டு. 2018 ஜூலை 31 அன்று கையெழுத்தான ஐந்தாம் பெர்கின்ஸ் சட்டத்தின் கீழ் தொழிற்கல்விக்கு நிதி வாங்கும் மாவட்டம், குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவைகளை மதிப்பிட்டே ஆக வேண்டும். அந்த மதிப்பீட்டில் பெற்றோர், மாணவர், தொழில்துறையினர் ஆகியோரைக் கலந்தாலோசிப்பது சட்டப்படியான கடமை. அந்தக் கூட்டத்தில் உட்காருபவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் பட்டத் திட்டம், பிறகு பாடம்

பெரும்பாலான மாவட்டங்கள் 'எங்கள் ஆசிரியர் எதை நடத்த முடியும்?' என்பதிலிருந்து தொடங்குகின்றன. தொடங்க வேண்டியது மறுமுனையிலிருந்து: இந்த கிரெடிட் எந்தப் பட்டத்தில் போய் உட்காரப்போகிறது?

கம்யூனிட்டி காலேஜ் எனும் உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியின் அசோசியேட் நர்சிங் பட்டத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறினாலும் சேர்க்கைக்கு முன்பு முடிக்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான்: உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பகுதிகள் (பெரும்பாலும் தலா 4 கிரெடிட், ஆய்வகத்தோடு), நுண்ணுயிரியல், ஆங்கிலக் கட்டுரை, பொது உளவியல், மனித வளர்ச்சிப் பருவங்கள், புள்ளியியல். நர்சிங் மையப் பாடங்களைப் பள்ளி மாணவர் எடுக்க முடியாது. அப்படியானால் பள்ளிகள் வழக்கமாக முதலில் தொடங்கும் 'மெடிக்கல் டெர்மினாலஜி' (மருத்துவக் கலைச்சொற்கள்) எங்கே? பல நர்சிங் திட்டங்களில் அதற்கு இடமே இல்லை. விருப்பப் பாடமாக ஒதுங்கிவிடும். மருத்துவப் பதிவு, பில்லிங் கோடிங், மெடிக்கல் அசிஸ்டன்ட் போன்ற திட்டங்களில் அதே பாடம் கட்டாயம்.

இதிலிருந்து நாங்கள் வந்தடைந்த முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மருத்துவத் துறைக்குப் போக நினைக்கும் மாணவருக்கு எங்கு போனாலும் கைகொடுக்கும் கல்லூரி கிரெடிட்டுகள் பெரும்பாலும் மருத்துவப் பெயர் தாங்கியவை அல்ல. ஆங்கிலக் கட்டுரை, உளவியல், புள்ளியியல் ஆகிய மூன்றும்தான். ஹெல்த் சயின்ஸ் பிரிவைத் திட்டமிடும் குழுவில் ஆங்கில ஆசிரியரும் கணித ஆசிரியரும் இல்லையென்றால் திட்டம் பாதிதான்.

செய்ய வேண்டியது எளிது. உங்கள் பள்ளியிலிருந்து அதிகம் பேர் சேரும் மூன்று கல்லூரிகளின் பட்டத் திட்டங்களை அச்செடுங்கள். உத்தேசப் பாடம் ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டாயம், விருப்பம், கணக்கில் வராது என்று குறியுங்கள். கல்லூரி ஆலோசகர் 'ட்ரான்ஸ்ஃபர் ஆகும்' என்பார். அதோடு விடாமல், 'இந்தப் பட்டத்துக்குக் கணக்காகுமா?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏற்றுக்கொள்வது வேறு, பட்டத்தில் பயன்படுவது வேறு.

ஆர்டிகுலேஷன்: மலிவானது, எளிதில் கைநழுவுவது

பள்ளியின் பாடமும் கல்லூரியின் பாடமும் ஒன்றுக்கொன்று நிகர் என்று இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. மாணவர் பள்ளிப் பாடத்தைக் குறிப்பிட்ட மதிப்பெண்ணோடு முடித்து, பின்னாளில் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தால் கிரெடிட் தருவார்கள். பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை, கட்டணமும் பெரும்பாலும் இல்லை. 1990-இன் பெர்கின்ஸ் சட்டம் 'டெக் ப்ரெப்' என்ற பெயரில் வளர்த்த முறை இது.

குறை இதன் அமைப்பிலேயே இருக்கிறது. கிரெடிட் தானாக வராது. மாணவர் கல்லூரியில் சேர்ந்த பிறகு நினைவு வைத்துக்கொண்டு படிவம் கொடுத்துக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கால வரம்பு இருக்கும். சில கல்லூரிகள் முதலில் தம்மிடம் சில கிரெடிட்டுகளை முடித்த பிறகே இதைப் பதிவு செய்யும். வேறு கல்லூரிக்குப் போனால் ஒப்பந்தம் செல்லாது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அந்த வரி மறுபடி கேள்விக்குள்ளாகும்.

விதிவிலக்கு, மாநிலமே ஒப்பந்தத்தை ஏற்று நடத்தும் இடங்கள். ஒஹாயோவில் தொழிற்கல்விப் பாடங்களுக்கு மாநில அளவில் நிகர் பாடங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. தகுதி பெற்ற மாணவரின் கிரெடிட்டை அதே பாடத்தை நடத்தும் அரசுக் கல்லூரி எதுவானாலும் ஏற்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் அப்படி ஏதாவது இருந்தால் உள்ளூர் ஒப்பந்தத்துக்காக ஓராண்டைச் செலவிடாதீர்கள், அதில் சேர்ந்துவிடுங்கள். இல்லாத இடத்தில் ஆர்டிகுலேஷனை முதல் ஆண்டுக்கான தற்காலிக ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி அறையிலேயே கல்லூரிப் பாடம்

கன்கரன்ட் என்ரோல்மென்ட் எனப்படும் இந்த முறையில், கல்லூரி ஏற்பளித்த பள்ளி ஆசிரியர் கல்லூரியின் பாடத்தைப் பள்ளி நேரத்திலேயே நடத்துகிறார். மாணவர் கல்லூரியில் பதிவாகிறார், கல்லூரி ட்ரான்ஸ்கிரிப்டில் மதிப்பெண் ஏறுகிறது. பிற்பாடு யாரும் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இத்திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்க 1999-இல் தொடங்கப்பட்ட தேசிய அமைப்பு 'நேசெப்'. அதன் தரங்கள் இந்த முறையை விரும்பும் பள்ளிக்கு நல்ல சரிபார்ப்புப் பட்டியல்: கல்லூரியின் அதே பாடத்திட்டம், அதே அளவுகோலில் தேர்வு, கல்லூரிப் பேராசிரியர் வகுப்புக்கு வந்து பார்ப்பது, ஆசிரியருக்குத் தொடர் பயிற்சி.

தடை ஆசிரியர் தகுதியில் வரும். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் வட்டார அமைப்புகளின் கீழ் நிலைத்த வழக்கம், பாடத்துறையில் முதுகலைப் பட்டம், அல்லது வேறு முதுகலைப் பட்டத்தோடு அத்துறையில் 18 முதுகலை கிரெடிட் மணிகள். நடு மேற்கு மாநிலங்களில் பெரும்பாலான கல்லூரிகளை மேற்பார்க்கும் ஹையர் லர்னிங் கமிஷன் 2015-இல் இதை இறுக்கி, 2023-இல் தளர்த்தியது. ஆனாலும் கல்லூரிகள் பல தங்கள் உள்விதியில் பழைய அளவுகோலையே வைத்திருக்கின்றன.

இது நடைமுறையில் எப்படி வந்து இடிக்கிறது பாருங்கள். பள்ளியின் ஹெல்த் சயின்ஸ் ஆசிரியை பதிவுபெற்ற நர்ஸ் (ஆர்.என்.), பி.எஸ்.என். எனும் நர்சிங் இளநிலைப் பட்டம் பெற்றவர், பத்தாண்டு மருத்துவமனை அனுபவம் உள்ளவர். அவரால் உடற்கூறியலைக் கல்லூரிப் பாடமாக நடத்த முடியாது. பக்கத்து அறையில் உயிரியல் ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் இருக்கிறது, ஆனால் அது கல்வியியலில். உயிரியலில் 18 கிரெடிட் இல்லை. அவராலும் முடியாது. அதே நர்ஸ் ஆசிரியை மெடிக்கல் டெர்மினாலஜி, ஹெல்த் தொழில்கள் அறிமுகம், நர்சிங் உதவியாளர் பயிற்சி ஆகியவற்றை நடத்தலாம். அவை தொழிற்கல்விப் பாடங்களாக வகைப்படுத்தப்பட்டால் துறை அனுபவத்தைத் தகுதியாக ஏற்கக் கல்லூரிக்கு இடமுண்டு. எனவே பேச்சுவார்த்தையில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'இந்தப் பாடம் உங்கள் பட்டியலில் பொதுக்கல்விப் பாடமா, தொழிற்கல்விப் பாடமா?' ஆசிரியரின் ட்ரான்ஸ்கிரிப்டுகளைப் பாட விவரம் அச்சாவதற்கு முன்பே அனுப்பி, ஏற்புக் கடிதத்தைக் கையில் வாங்கிவிடுங்கள்.

நேரக் கணக்கு பெரும்பாலும் சாதகமாகவே வரும். கல்லூரியின் 3 கிரெடிட் பாடம் 15 வாரம், வாரம் 3 மணி, ஆக 45 வகுப்பு மணி. பள்ளியில் 180 நாள், நாளுக்கு 50 நிமிடம் என்றால் 150 மணி. தாராளம். ஆய்வகப் பாடத்தில் கதை மாறும். வாரம் 3 மணி விரிவுரை, 3 மணி ஆய்வகம் என்று 90 மணி. மொத்தத்தில் அடங்கினாலும், ஒரே மூச்சில் செய்ய வேண்டிய அறுப்பாய்வு 50 நிமிடப் பாடவேளைக்குள் அடங்காது. கருவிகளை எடுத்துவைக்கப் பத்து நிமிடம், சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போனால் கையில் நிற்பது 30 நிமிடம். 90 நிமிடப் பாடவேளை உள்ள பள்ளிகள் இதில் தப்பிவிடும்.

பதிவு செய்யும் தேதியும் முக்கியம். கல்லூரியில் தடயமில்லாமல் விலகும் கெடு செமஸ்டரின் முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். பள்ளியில் முதல் மதிப்பெண் அட்டை வருவது அதற்குப் பிறகு. மாணவர் தடுமாறுகிறார் என்று பெற்றோருக்குத் தெரியும்போது, விலகினால்கூட ட்ரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' என்ற விலகல் குறி விழும் நிலை. ஆண்டு முழுதும் ஓடும் பாடத்தை, கல்லூரி ஒப்புக்கொண்டால், இரண்டாம் செமஸ்டரில் பதிவு செய்யுங்கள். அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு முடிவெடுக்க மாணவருக்கு இடம் கிடைக்கும். இந்த ஒரு தேதியை மாற்றினால் தப்பிக்கும் பிள்ளைகள் நிறைய.

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வாஷிங்டன் மாநிலம் 2023-இல் சட்டம் இயற்றி, அரசுக் கல்லூரிகள் வழி பள்ளியில் நடத்தும் கல்லூரிப் பாடங்களை இலவசமாக்கியது. கலிஃபோர்னியாவில் 2015-இன் சட்டத்தின்படி கம்யூனிட்டி காலேஜ் ஒப்பந்தத்தில் வரும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது; ஒரு பருவத்தில் நான்கு பாடங்களுக்கு மிகாமல் 15 யூனிட் வரை எடுக்கலாம். கட்டணம் இலவசம் என்றாலும் புத்தகச் செலவு இருக்கிறது. கல்லூரி பயன்படுத்தும் அதே புத்தகம் வேண்டும். இணைய அணுகல் குறியீடு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியது. முதல் ஆண்டு வாங்கிய செட்டை அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம் என்று பட்ஜெட் போட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

மாணவர் கல்லூரிக்கே போவது

மின்னசோட்டா 1985-இல் தொடங்கிவைத்தது. வாஷிங்டனின் 'ரன்னிங் ஸ்டார்ட்' 1990-இல் வந்தது. 11, 12-ஆம் வகுப்பு மாணவர் கல்லூரி வளாகத்தில், கல்லூரிப் பேராசிரியரிடம், வயதுவந்த மாணவர்களோடு படிக்கிறார். ஆசிரியர் தகுதிச் சிக்கல் இல்லை, ஆய்வகம் தயாராக இருக்கிறது, கிரெடிட்டின் மதிப்பை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதில் பள்ளிக்குத் திட்டம் என்று எதுவும் மிஞ்சாது. கார் உள்ள, தானாகப் படிக்கும் பிள்ளைகள் போய்விடுவார்கள். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் பின்தங்குவார்கள். இன்னொன்று பெற்றோருக்குப் புதிதாக இருக்கும்: கல்லூரியில் பதிவானதும், 16 வயதானாலும், கல்லூரிப் பதிவேடுகள் மீதான தனியுரிமை மாணவருக்குரியது. பேராசிரியரை அழைத்து 'என் பெண் எப்படிப் படிக்கிறாள்?' என்று கேட்டால் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளியையே கல்லூரியோடு இணைத்துக் கட்டும் 'எர்லி காலேஜ்' பெரிய முதலீடு. 2024 ஜனவரியில் ப்ளூம்பெர்க் அறக்கொடை நிறுவனம் 250 மில்லியன் டாலர் ஒதுக்கி, பாஸ்டன், ஹூஸ்டன் உட்பட 10 இடங்களில் மருத்துவமனைகளோடு இணைந்த உயர்நிலைப் பள்ளிகளுக்கு உதவுவதாக அறிவித்தது. மருத்துவமனைக் குழுமம் ஒன்று கூட்டாளியாக முன்வராத மாவட்டம் இதைப் பரிசீலிக்க வேண்டியதில்லை.

சி.என்.ஏ.: வேலையும் கிரெடிட்டும் ஒன்றாக

சான்றிதழ் பெற்ற நர்சிங் உதவியாளர் (சி.என்.ஏ.) பயிற்சிதான் உயர்நிலைப் பள்ளிக்கு மிகவும் பொருந்தும் சான்றிதழ். மத்திய விதிப்படி குறைந்தது 75 மணி, அதில் 16 மணியாவது மேற்பார்வையில் செய்முறை. மாநிலங்கள் கூட்டிக்கொள்கின்றன: டெக்சாஸில் 100 மணி (வகுப்பு 60, கிளினிக்கல் எனப்படும் நேரடிப் பராமரிப்புப் பயிற்சி 40), கலிஃபோர்னியாவில் 160 (60, 100), மெயின் மாநிலத்தில் 180. முதியவர் ஒருவரைத் தொடுவதற்கு முன்பே தொற்றுத் தடுப்பு, அவசர நடவடிக்கை, உரிமைகள் முதலிய தலைப்புகளில் 16 மணி முடிந்திருக்க வேண்டும். பயிற்சியை நடத்தவோ மேற்பார்க்கவோ வேண்டிய ஆர்.என். இரண்டாண்டு நர்சிங் அனுபவமும், அதில் ஓராண்டாவது நீண்டகாலப் பராமரிப்பிலும் கொண்டவராக இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைப் பிரிவிலேயே பணிபுரிந்த சிறந்த நர்ஸ்கூட இந்த ஓராண்டு இல்லாமல் நிராகரிக்கப்படுவார். வேலைக்கு எடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

செய்முறைத் தேர்வு மிக நுணுக்கமானது. பல மாநிலங்கள் பயன்படுத்தும் தேசியத் தேர்வில் ஐந்து திறன்கள்; கை கழுவுதல் கட்டாயம் வரும். நீரை நிறுத்தாமல் நுரையோடு 20 விநாடியாவது தேய்க்க வேண்டும், விரல் நுனி எப்போதும் முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டும், குழாயைச் சுத்தமான உலர்ந்த காகிதத் துண்டால் மூட வேண்டும், தொட்டியின் உட்பக்கத்தில் கை படவே கூடாது. அளவீட்டில் நாடி தேர்வாளரின் எண்ணிலிருந்து 4 துடிப்புக்குள், சுவாசம் 2-க்குள், ரத்த அழுத்தம் 8 மி.மீ.க்குள், சிறுநீர் அளவு 25 மி.லி.க்குள் இருக்க வேண்டும். தானியங்கிக் கருவியில் ரத்த அழுத்தம் பார்த்துப் பழகியவர் கைப் பட்டையில் தடுமாறுவார். ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் கேட்கும்படி இரட்டைச் செவிக்குழாய் உள்ள ஸ்டெதஸ்கோப் குறைந்தது இரண்டு வாங்கிவையுங்கள். பள்ளி ஆய்வகத்துக்கு விலை உயர்ந்த பொம்மை நோயாளியைவிட அதுவும், வெந்நீர் வரும் தொட்டியும், உண்மையான மருத்துவமனைக் கட்டிலும் அவசியம்.

இதைக் கல்லூரிப் பாடமாகப் பதிவு செய்தால் கல்லூரியைப் பொறுத்து பல கிரெடிட்டுகள் கிடைக்கும். ஆனால் நர்சிங் பட்டத்தில் அவை கணக்கில் வருவது அரிது. அதன் உண்மையான மதிப்பு, சில நர்சிங் திட்டங்கள் சேர்க்கைக்கு நடப்பிலுள்ள சி.என்.ஏ. பதிவைக் கேட்பதிலும், 18 வயதில் சம்பளத்தோடு துறைக்குள் நுழைவதிலும் இருக்கிறது. இங்கேதான் வகுப்பு எந்த ஆண்டில் வைக்கப்படுகிறது என்பது தீர்மானிக்கும். பயிற்சி முடித்தபின் 24 மாதம் தொடர்ந்து ஊதியத்துக்கு நர்சிங் பணி செய்யாவிட்டால், மத்திய விதிப்படி மறுபடி பயிற்சியோ தேர்வோ தேவை. 11-ஆம் வகுப்பின் முதல் பாதியில் முடித்து, படிப்புச் சுமையால் வேலைக்குப் போகாத மாணவிக்குக் கல்லூரி முதலாண்டிலேயே பதிவு காலாவதியாகிவிடும். 12-ஆம் வகுப்பில் வையுங்கள். கட்டணம் கட்டியவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முடித்த 12 மாதத்துக்குள் மெடிகேர் அல்லது மெடிகெய்ட் (அரசு மருத்துவக் காப்பீடுகள்) ஏற்பு பெற்ற முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பயிற்சிச் செலவைத் திரும்பப் பெற மத்திய விதியில் இடமுண்டு.

மற்ற சான்றிதழ்களில் ரத்தம் எடுக்கும் பயிற்சி கவர்ச்சியாகத் தெரியும். சுகாதாரப் பணிகளுக்குச் சான்றிதழ் தரும் என்.ஹெச்.ஏ. அமைப்பின் சான்றுக்கு உயிருள்ள மனிதர்களிடம் 30 முறை சிரையிலும் 10 முறை விரல் நுனியிலும் குத்தியிருக்க வேண்டும். 17 வயது மாணவர்கள் ஒருவரையொருவர் குத்தக் காப்பீட்டு நிறுவனமும் பெற்றோரும் சம்மதிப்பார்களா என்பதைத் தீர்த்துக்கொள்ளாமல் தொடங்காதீர்கள். இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சியைப் பள்ளியில் முடித்தாலும் பல மாநிலங்களில் உரிமத்துக்கு 18 வயதாக வேண்டும்.

கிளினிக்கல்: திட்டங்கள் உடையும் இடம்

40 மணி கிளினிக்கல் என்பதைப் பள்ளி அட்டவணையில் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். இரண்டு மணி நேர இடைவெளியில் போக 20 நிமிடம், வர 20 நிமிடம் கழித்தால் மிஞ்சுவது 80 நிமிடம். 40 மணியை முடிக்க 30 முறை பேருந்து ஓட வேண்டும். 8 மணி நேர முழு நாட்களாக வைத்தால் ஐந்தே நாள். முழு நாள் முறை மாணவருக்கும் நல்லது. விடிகாலையில் ஒருவரை எழுப்பி, குளிப்பாட்டி, உணவூட்டி, மதியம் மறுபடி படுக்கவைப்பது வரை ஒரே முதியவரோடு இருந்தால்தான் இந்த வேலை என்னவென்று தெரியும். மற்றப் பாட ஆசிரியர்களிடம் அந்த ஐந்து நாளுக்கு ஆகஸ்ட்டிலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கிளினிக்கலில் ஓர் ஆசிரியருக்குப் பல மாநிலங்கள் 10 மாணவர்கள்தான் அனுமதிக்கின்றன, கலிஃபோர்னியாவில் 15. 24 பேர் சேர்ந்தால் இரண்டு அல்லது மூன்று ஆசிரியர் தேவை.

இடம் பிடிக்கும்போது பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. முந்தைய இரண்டு ஆண்டுகளில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்ட இல்லத்தில் நடக்கும் உதவியாளர் பயிற்சிக்கு மாநிலம் ஒப்புதல் தரக்கூடாது. விலக்கு கேட்கலாம், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும். மெடிகேரின் 'கேர் கம்பேர்' தளத்தில் இல்லத்தின் பெயரைத் தேடினால் அபராத விவரம் தெரியும். இரண்டு இல்லங்களோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மாணவரின் மருத்துவக் கோப்பைக் கோடை விடுமுறைக்கு முன் தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி முழுத் தொடர் 0, 1, 6 மாதம். செப்டம்பரில் தொடங்கினால் மார்ச்சில்தான் முடியும். காசநோய்த் தோல் பரிசோதனை இரண்டு கட்டமாகக் கேட்டால் இடையில் ஒன்றிலிருந்து மூன்று வாரம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பிறந்து பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்குத் தோல் பரிசோதனை நோயே இல்லாமல் நோய் இருப்பதாகக் காட்டலாம். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள், பி.சி.ஜி. போட்டவர்களுக்கு அதையே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. பரிந்துரைக்கிறது. மார்பு எக்ஸ்ரே, பதற்றம், தாமதம் எல்லாம் தவிரும். முதலுதவிச் சான்றில் பொதுமக்களுக்கான 'ஹார்ட்சேவர்' போதாது, சுகாதாரப் பணியாளருக்கான பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) அட்டை வேண்டும், அது இரண்டு ஆண்டு செல்லும்.

சம்பளத்தோடு பயிற்சி என்றால் இரண்டு சட்டங்களைக் கவனிக்க வேண்டும். மின்விசையால் இயங்கும் நோயாளி தூக்கியை 18 வயதுக்குக் குறைந்தவர் தனியாக இயக்கக்கூடாது. 16, 17 வயதினர் 75 மணிப் பயிற்சி முடித்திருந்தால் பயிற்சி பெற்ற பெரியவருக்கு உதவலாம் என்று தொழிலாளர் துறை 2011-இல் நிபந்தனைகளோடு வழிகாட்டியது. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகள் சம்பளம் வாங்கக்கூடாது. பாடத்தின் பகுதியான சம்பளமில்லாக் கிளினிக்கலில் அவர்களைச் சேருங்கள், விட்டுவிடாதீர்கள்.

உடற்கூறியலை எப்போது, யாருக்கு?

அதிக மதிப்பும் அதிக ஆபத்தும் ஒரே பாடத்தில்தான். நர்சிங் சேர்க்கையில் உடற்கூறியல் மதிப்பெண்ணுக்குத் தனிக் கனம் உண்டு. பல திட்டங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை. திரும்ப எழுதும் வாய்ப்புக்கு வரம்பு வைக்கின்றன. பதினாறு வயதில் வாங்கிய 'சி' ஒன்று, இருபது வயதில் நன்றாகப் படிக்கும் மாணவியை வரிசையில் பின்னுக்குத் தள்ளும்.

மருத்துவப் படிப்புக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் பெற்றோர் இதையும் அறிந்திருக்க வேண்டும். எம்.டி. கல்லூரிகளுக்கான விண்ணப்ப மையமான ஏ.எம்.சி.ஏ.எஸ்., பள்ளியில் இருந்தபோது எடுத்த கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்ணையும் சராசரியில் சேர்க்கிறது. பள்ளிச் சான்றிதழில் மறுதேர்வு எழுதி 'ஏ' ஆக்கினாலும் கல்லூரி ட்ரான்ஸ்கிரிப்ட் மாறாது. மத்திய உதவித்தொகைக்கான கல்வி முன்னேற்றக் கணக்கிலும் தோல்விகளும் விலகல்களும் பின்தொடரக்கூடும்.

எனவே 12-ஆம் வகுப்பில், வேதியியலையும் உயிரியலையும் நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர்களுக்கு மட்டும், கல்லூரி ஆய்வகத்தில். மற்றவர்களுக்குப் பள்ளியிலேயே கிரெடிட் இல்லாத நல்ல உடற்கூறியல் வகுப்பு போதும். அதை முடித்துவிட்டுக் கல்லூரியில் முதல்முறையாக எடுப்பவர் வலுவாக நிற்பார். எல்லோருக்கும் கிரெடிட் கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவதற்காகப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைப் பணயம் வைக்கக்கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

நடுத்தர அளவிலான உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு எங்கள் தேர்வு

ஒரு நர்ஸ் ஆசிரியை, கார் தூரத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜ், இரண்டு முதியோர் இல்லங்கள் உள்ள பள்ளி என்று வைத்துக்கொண்டால்: 9, 10-ஆம் வகுப்பில் கிரெடிட் பேச்சே வேண்டாம், தேசிய ஹெல்த் சயின்ஸ் தரங்களின்படி அடித்தளம் மட்டும். 11-ஆம் வகுப்பில் மெடிக்கல் டெர்மினாலஜியும், ஆங்கிலக் கட்டுரையோ உளவியலோ ஒன்றும், தகுதியுள்ள ஆசிரியர் இருந்தால் பள்ளியிலேயே கன்கரன்ட் முறையில். 12-இல் சி.என்.ஏ.; விருப்பமும் தகுதியும் உள்ளவர்களுக்குக் கல்லூரியில் உடற்கூறியல், புள்ளியியல்.

தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய செப்டம்பரில் கல்லூரியோடு பேச்சைத் தொடங்குங்கள். நவம்பருக்குள் ஆசிரியர் ஏற்பு, ஜனவரிக்குள் பாடப் பட்டியலில் பெயர், வசந்தத்தில் இல்லங்களோடு ஒப்பந்தமும் மாநில நர்ஸ் உதவியாளர் பயிற்சி ஒப்புதலுக்கான விண்ணப்பமும். கிளினிக்கல் ஒப்பந்தம் இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் போய்வர ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிடுங்கள். மாணவர் பொறுப்புக் காப்பீடு ஒரு நிகழ்வுக்கு 1 மில்லியன், மொத்தம் 3 மில்லியன் டாலர் என்று இல்லங்கள் கேட்பது வழக்கம். அதைப் பள்ளி எடுக்குமா கல்லூரி எடுக்குமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

நர்ஸ் ஆசிரியை ஆண்டின் நடுவில் மருத்துவமனை வேலைக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மருத்துவமனைச் சம்பளத்தோடு பள்ளிச் சம்பளம் போட்டியிட முடியாததால் இது அடிக்கடி நடக்கிறது. மாற்று ஆசிரியர் வர எத்தனை நாள், அதுவரை கல்லூரி யாரை அனுப்பும், கிரெடிட் பதிவு ரத்தாகாமல் எப்படிக் காப்பது என்று மூன்று வரி போதும். மாநில விண்ணப்பத்தில் இரண்டாவது ஆர்.என். ஒருவரின் பெயரையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். நீண்டகாலப் பராமரிப்பில் ஓராண்டாவது வேலை பார்த்து, சனிக்கிழமைகளில் பகுதிநேரக் கிளினிக்கல் ஆசிரியராக வரத் தயாராக இருக்கும் நர்ஸ் உங்கள் தமிழ்ச் சங்கத்திலேயே இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.